ஃபிஃப்த் வீலும் அந்த 'டங்' சத்தமும்: சில வருடம் ஓட்டிய பிறகு

மச்சினன் நாமக்கல்லில் ஒரு பழைய டிரெய்லர் லாரியை விலை பேசிக்கொண்டிருக்கிறான். "ஏனுங் மாமா, உங்க வண்டியில இருக்கற ஃபிஃப்த் வீலேதான் இதுலயும் இருக்குது. நம்பி எடுக்கலாமுங்களா?" என்றான். ஃபிஃப்த் வீல் என்றால் சக்கரம் இல்லை; டிரெய்லரைப் பூட்டிப் பிடிக்க லாரியின் பின்பக்கச் சேஸிஸ் மேல் இருக்கும் இரும்புப் பிளேட். போனில் ஆமாம், இல்லை என்று முடிக்கிற கேள்வி இல்லை இது. அந்தச் சாமான் மேல் எனக்கு மரியாதையும் உண்டு, கடுப்பும் உண்டு. இப்போதுதான் லாக் செட் மாற்றிவிட்டு வந்திருக்கிறேன். பில்லைப் பார்த்த சூடு இன்னும் ஆறவில்லை, அதனால் கடுப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

கம்பெனி பெயர் வேண்டாம். 2 அங்குலக் கிங்பின்னுக்கான வழக்கமான மாடல், சங்ககிரிப் பக்கம் எந்த பார்க்கிங்கில் பார்த்தாலும் கண்ணில் படும். கிங்பின் என்பது டிரெய்லரின் அடிப் பிளேட்டிலிருந்து கீழே நீட்டியிருக்கும் இரும்பு முளை; அதன் கழுத்தைத்தான் ஃபிஃப்த் வீலின் லாக் கவ்விப் பிடிக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேல் பிளேட் இத்தனை வருடத்தில் எங்கும் விரிசல் விடவில்லை. கைப்பிடி ஒரே இழுப்பில் வரும்; பின்னால் போய் டிரெய்லருக்கு அடியில் நுழைந்தால் லாக் தானாக விழும். எனக்கு ரொம்பப் பிடித்தது பக்கவாட்டில் இருக்கிற அட்ஜஸ்ட்மென்ட் போல்ட். லாக் தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் லாக்நட்டைத் தளர்த்தி, போல்ட்டைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி இறுக்கினால் ஆட்டம் போய்விடும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. பட்டறை வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் கடுப்பு? அந்த 'டங்'.

வைகுந்தம் டோல்கேட்டில் வரிசை நீண்டிருக்கும்போது தெரியும். முதல் கியர் போட்டு கிளட்ச்சை விடுகிறோம், டங். ஒரு வண்டி நீளம் நகர்ந்து பிரேக் மிதிக்கிறோம், மறுபடி டங். டிரெய்லர் பின்னாலிருந்து வந்து சீட்டோடு சேர்த்து நடுமுதுகில் குத்தும். காலிப் பெட்டியோடு திரும்பும்போது இன்னும் மோசம். லோடு இருந்தால் அந்த எடை இரண்டு பிளேட்டையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காலியென்றால் இருக்கிற இடைவெளி முழுக்க டிரெய்லர் முன்னும் பின்னும் விளையாடும்.

இந்தச் சத்தம் வந்தவுடன் எல்லோரும் கைகாட்டுவது ஃபிஃப்த் வீலைத்தான். பாதி நேரம் அது அநியாயம். பழியை யார் மேல் போடுவது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். சமதளத்தில் நிறுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துவிட வேண்டும். ஒருவர் லாரியை மெதுவாக முன்னே பின்னே அசைக்க, இன்னொருவர் பக்கத்தில் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் தலையை நுழைக்கிற வீரம் யாருக்கும் வேண்டாம். ஃபிஃப்த் வீல் அசையாமல் டிரெய்லரின் பிளேட் மட்டும் அதன் மேல் நகர்ந்தால் ஆட்டம் லாக்கிலோ கிங்பின்னிலோ இருக்கிறது. ஃபிஃப்த் வீலே சேஸிஸ் மேல் நகர்ந்தால் அடிப்பக்க போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி கோடு மாதிரி வழிந்திருந்தால் சோதனைகூட வேண்டாம், பார்த்ததுமே தெரிந்துவிடும். மேல் பிளேட் தூக்கித் தூக்கி விழுந்தால் இரண்டு பக்கத் தாங்கியிலும் இருக்கிற ரப்பர் புஷ் போயிருக்கும். எதுவுமே அசையவில்லை, பிரேக் போடும்போது மட்டும்தான் இடிக்கிறது என்றால் டிரெய்லர் பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது. அதற்கு ஃபிஃப்த் வீலைக் கழற்றி என்ன பயன், பிரேக் இடைவெளியைச் சரிசெய்கிற ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பாருங்கள்.

என் வண்டியில் நகர்ந்தது டிரெய்லர் பிளேட். சரி, கிங்பின்னை அளந்துவிடலாம் என்று கிரீஸைத் துடைத்து வெர்னியர் வைத்தேன். புதிய கிங்பின் லாக் பிடிக்கிற கழுத்தில் 50.8 மில்லிமீட்டர் இருக்கும். 49-க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். கழுத்துக்கு மேலே இருக்கும் தடித்த பகுதி 73, அது 71 வரை தேயலாம். அன்று மாட்டியிருந்த டிரெய்லரில் கழுத்து 49-ஐத் தாண்டிக் கீழே போயிருந்தது. அதிலும் தேய்மானம் வட்டமாக இல்லை. இழுக்கிற பக்கம் மட்டும் தேய்ந்து, விரலால் தடவினாலே ஒரு படி தட்டுப்பட்டது.

அந்த டிரெய்லர் என்னுடையது இல்லை. இதுதான் என் ஆற்றாமைக்கு மூலகாரணம். திருப்பூர்ச் சரக்கை தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு டிரெய்லரைக் கம்பெனி வாசலில் விட்டுவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொண்டு கிளம்புவோம். எத்தனை டிரெய்லரோ அத்தனை விதக் கிங்பின். ஒன்று புதுசு, ஒன்று கிழடு. கிழட்டுக் கிங்பின்னின் ஆட்டத்தை அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டில் இறுக்கி மறைத்துவிட்டால் அந்த நடைக்குச் சுகமாக இருக்கும். அடுத்து புதுக் கிங்பின் உள்ள டிரெய்லரை மாட்டும்போது லாக் முழுசாக விழாது, விழுந்தாலும் கைப்பிடி திறக்க வராது. அந்த போல்ட் லாக்கின் தேய்மானத்துக்கானது. நல்ல கிங்பின்னோ அளவுக் கேஜோ வைத்துத்தான் அதைத் திருப்ப வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த அந்த வசதியைத்தான் ஊரில் எல்லோரும் தப்பான நோய்க்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

ஒரு பட்டறையில் சொன்னார்கள்: "கிங்பின்னுல வெல்டிங் ரொப்பி லேத்துல கடைஞ்சு குடுத்தர்றமுங்க, புதுசாட்டம் இருக்கும்." பார்வைக்குப் புதுசாட்டம்தான் இருக்கும். அடித்து உருவாக்கி, பதம் ஏற்றிய இரும்பு அது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, விரிசல் உள்ளே இருந்து தொடங்கும். எந்தத் தயாரிப்பாளரும் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. 2018-இல் அச்சுச் சுமை வரம்பை உயர்த்திய பிறகு அதிகபட்ச மொத்த எடை 49 டன்னிலிருந்து 55-க்குப் போயிருக்கிறது. லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் பிடித்திருப்பது இப்போதும் அதே 2 அங்குல இரும்பு. தொப்பூர்க் கணவாயில் சேலத்தை நோக்கி இறங்கும்போது அது வெல்டிங் ரொப்பிய கிங்பின் என்று தெரிந்தால் நான் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன்.

தளர்ச்சி என்று சொல்லும்போது இன்னொன்றும் இருக்கிறது, அது சத்தமே போடாது. டிரெய்லர் கால் (கழற்றி நிறுத்தும்போது முன்பக்கத்தைத் தாங்குவது) தேவைக்கு மேல் உயரமாக நின்றிருந்தால் கிங்பின் லாக்குக்குள் போகாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். கைப்பிடியைப் பார்த்தால் பூட்டிய மாதிரியே இருக்கும். மாட்டியதும் இறங்கிப்போய் இரண்டு பிளேட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா (தெரியக் கூடாது) என்று பார்ப்பதும், கால் தூக்குவதற்கு முன் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பதும் அதற்காகத்தான். இழுப்புச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், சில சமயம் அதிலும் தப்பித்துவிடும். டார்ச் அடித்து, லாக் கழுத்துக்குப் பின்னால் முழுசாக மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கிரீஸ் விஷயத்தில் நம்மவர்கள் தாராளம். பழையதை வழிக்காமல் அதன் மேலேயே அப்புவார்கள். காங்கேயம் ரோட்டுப் புழுதி கலந்த பழைய கிரீஸ் உப்புத்தாள் செய்கிற வேலையைச் செய்யும். முழுக்கத் துடைத்துவிட்டு லித்தியம் கிரீஸ் போட்டால் தேய்மானம் நிதானமாகத்தான் வரும்.

இப்போது பில்லுக்கு வருகிறேன். என் ஃபிஃப்த் வீலில் தேய்ந்திருந்தது உள்ளே கிங்பின் உராயும் தேய்வு வளையம் மட்டும்தான். லாக் இன்னும் நன்றாகவே இருந்தது. ஆனால் வளையம் தனியாகக் கிடையாதாம், லாக், ஸ்பிரிங், போல்ட் எல்லாம் சேர்ந்த முழு செட்டாகத்தான் தருவார்களாம். கவுன்டரில் இருந்த பையனிடம் கேட்டால் "அப்படித்தானுங்க வருது" என்கிறான். ஊரான் டிரெய்லர் தேய்த்த தேய்ப்புக்கு, தேயாத சாமானுக்கும் சேர்த்து நான் காசு கொடுத்தேன்.

அதனால் தீர்ப்பு இதுதான்: உறுதி, வசதி, பாதுகாப்பு மூன்றிலும் குறை சொல்ல முடியாத சாமான், ஆனால் புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் இதை வாங்க மாட்டேன். வளையத்தைத் தனியாகத் தருகிற கம்பெனிக்குப் போய்விடுவேன். இது நியாயமா என்று கேட்காதீர்கள், அடுத்த மாதம் கேட்டால் வேறு சொல்வேனோ என்னவோ.

மச்சினன் கதை வேறு. அவனுக்கு லாரியோடு டிரெய்லரும் சேர்ந்தே வருகிறது, ஊரான் கிங்பின் தொல்லை அவனுக்கு இருக்காது. அந்த ஒரு கிங்பின் நன்றாக இருந்தால் தாராளமாக எடுக்கட்டும். பார்க்கப் போகும்போது வெர்னியரும் பழைய துணியும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். டிரெய்லரைக் கழற்றி நிறுத்தச் சொல்லி, கிரீஸை வழித்துவிட்டு, முன்பின்னாக ஒரு அளவும் குறுக்காக ஒரு அளவும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தாலே தேய்மானம் தொடங்கிவிட்டது. முன்பின் அளவு 49-ஐ நெருங்கியிருந்தால், கிங்பின் மாற்றும் கூலியோடு சேர்த்துக் கழித்துக்கொண்டுதான் விலையே பேச வேண்டும்.