அன்இன்ஸ்டால் ஆகாத சர்வரைக் கையால் நீக்கினேன்: இரண்டு வருட அனுபவம்

மண்டபத்தில் ஒரு மீன் வாடியின் கணக்குக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், பில் வேலையும் குறையும். பெரிய மாற்றமெல்லாம் அப்போதுதான் செய்ய முடியும். இரண்டு வருடம் முன்பு அப்படித்தான் கணக்கைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் சர்வர் மென்பொருளின் பழைய பதிப்பை எடுக்க உட்கார்ந்தேன்.

கண்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் கொடுத்தால், எம்எஸ்ஐ ஃபைல் (மென்பொருளை ஏற்றவும் நீக்கவும் தேவையான ஃபைல்) எங்கே என்று கேட்டு நின்றுவிட்டது. சி டிரைவில் இடம் வேண்டுமென்று யாரோ விண்டோஸுக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரைக் காலி செய்திருக்கிறார்கள். நீக்குவதற்கான ஃபைல் அங்கேதான் இருக்கும். அதே பதிப்பின் செட்டப் கிடைத்தால் ரிப்பேர் செய்துவிட்டு முறையாக நீக்கலாம், அதுதான் நல்ல வழி. எனக்குக் கிடைக்கவில்லை.

"தம்பி, படகுக் கணக்கு எதுவும் போயிராதே?" என்று முதலாளி மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு படகுக்கும் கொடுத்த அட்வான்ஸ் அதில்தான் இருக்கிறது. அதனால் முதலில் பேக்கப் எடுத்து, வேறொரு லேப்டாப்பில் திறந்து அவருக்குக் காட்டினேன். அப்புறம் சர்வீஸை, அதாவது பின்னணியில் சர்வரை ஓட்டும் விண்டோஸ் பதிவை, நிறுத்தி, டேட்டா ஃபோல்டரையும் பென்டிரைவில் போட்டேன். அது புரோகிராம் ஃபைல்ஸில் இல்லை, மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டாவில் இருந்தது.

அடுத்தது சர்வீஸ். ஃபோல்டரை முதலில் அழித்தால் சர்வீஸின் பெயர் மட்டும் விண்டோஸில் தங்கிவிடும், புதிய சர்வர் அதே பெயரில் ஏறாது. சர்வீஸை நீக்கும் 'எஸ்சி டெலீட்' கட்டளையை பவர்ஷெல் என்ற கட்டளை ஜன்னலில் அடித்தேன். பிழை எதுவும் வரவில்லை, சர்வீஸும் போகவில்லை. பார்த்தால் 'டெலீட்' என்ற பெயரில் ஒரு ஃபைல் உருவாகியிருந்தது! அங்கே 'எஸ்சி' என்பது ஃபைலில் எழுதும் கட்டளை. 'எஸ்சி டாட் இஎக்ஸ்இ' என்று முழுதாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் சர்வீஸ் பட்டியலில் நின்றது, மறுபடி கொடுத்தால் 1072 என்று ஒரு பிழை. சர்வீசஸ் ஜன்னல் திறந்திருந்தால் அப்படித்தான், நீக்க வேண்டும் என்று குறித்து மட்டும் வைக்கும். மூடினேன், போய்விட்டது.

பிறகு ஃபோல்டர்களை நீக்கி, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, அன்இன்ஸ்டால் பட்டியலில் நின்ற பெயரை எடுத்தேன். ரீஸ்டார்ட் செய்து, எந்த போர்ட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையில், சர்வர் பயன்படுத்தும் 3306 போர்ட் காலி என்று உறுதி செய்த பிறகுதான் புதியதை ஏற்றினேன்.

அன்று முதல் இரண்டு சீசன் முழுக்க பில் ஓடுகிறது, ஒரு நாள் கூட நிற்கவில்லை. இதே வரிசையில் தொண்டியில் ஒரு கடையிலும் செய்தேன். அங்கே இரண்டு சர்வர்கள் இருந்தன. எது எந்த ஃபோல்டரில் ஓடுகிறது என்று சர்வீஸின் ப்ராப்பர்ட்டீஸில் பாதையைப் பார்த்து எழுதிக்கொள்ளவே அரை நாள் ஆனது. அந்த அரை நாளைச் சுருக்க மாட்டேன்.

'இன்ஸ்டாலர் ஃபோல்டரைத் தொடாதீர்கள்' என்று வாடி மானிட்டரில் ஒட்டிய சீட்டு உப்புக்காற்றில் வெளுத்துவிட்டது. போன வாரம் புதிதாக எழுதி ஒட்டினேன்.