புக் லவர்ஸா லவ் ஹைப்போதெசிஸா: ஒரு போன் போட்டா முடியிற கதையும் முடியாத கதையும்

அக்கா பொண்ணு பதினொண்ணாவது முடிச்சுட்டு லீவுக்கு வந்திருந்தா. வந்த அன்னைக்கே என் அலமாரி முன்னாடி போய் நின்னுக்கிட்டு "சித்தி, லவ் ஸ்டோரி ஏதாச்சும் குடுங்க, ஆனா அழுவாச்சியா இருக்கக்கூடாது, மொக்கையாவும் இருக்கக்கூடாது"ன்னா. அவளுக்கு எது, எனக்கு எது, எத அலமாரியில மேல் தட்டுல வைக்கணும்னு யோசிச்சு யோசிச்சுதான் இந்த அலசலே வந்துச்சு. கதையெல்லாம் உடைச்சுதான் பேசப்போறேன், இன்னும் படிக்காதவங்க இப்பவே எந்திரிச்சுருங்க.

காதல் நாவல்ல முடிவு என்னன்னு அட்டையப் பாத்தாலே தெரியும், ரெண்டு பேரும் சேரத்தான் போறாங்க, அதுக்கு எதுக்கு முந்நூறு பக்கம்? அந்த முந்நூறு பக்கமும் அவங்கள எது பிரிச்சு வச்சிருக்குங்கறதுலதான் நாவலே இருக்கு. அதனால எனக்கு ஒரே ஒரு கணக்குதான். அந்த தடை நிஜமானதா, இல்ல யாராச்சும் ஒருத்தர் போனப் போட்டு "ஏப்பா, நீ சொன்னது என்னயவா?"ன்னு கேட்டா அங்கயே முடிஞ்சுருமா? ரெண்டாவதுன்னா எனக்கு பாதியிலேயே கொட்டாவி வந்துரும்.

மொதல்ல பெரியவங்க கணக்குல ரெண்டு. அலி ஹேசல்வுட் எழுதின 'தி லவ் ஹைப்போதெசிஸ்', 2021ல வந்தது. எமிலி ஹென்றி எழுதின 'புக் லவர்ஸ்', 2022. ரெண்டுக்கும் கார்ட்டூன் அட்டை, ரெண்டுலயும் வேலையே கதின்னு இருக்குற பொண்ணு, ரெண்டு பொண்ணுக்கும் அம்மா இல்ல, ரெண்டுலயும் பாத்தா கடிச்சு வச்சுருவான் போலன்னு ஒரு ஹீரோ. கடையில பக்கத்து பக்கத்துல வச்சா அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். உள்ள போனா ரெண்டும் வேற வேற ஊர்.

ஹைப்போதெசிஸ் கதை இதுதான். ஸ்டான்ஃபோர்டுல பயாலஜி பிஎச்டி பண்ற ஆலிவ், தோழி ஆனுக்கு 'நான் அந்த பையன மறந்தாச்சு, நீ தாராளமா பழகு'ன்னு நிரூபிக்கறதுக்காக காரிடார்ல வந்த ஆளப் புடிச்சு முத்தம் குடுத்துர்றா, பாத்தா அது டிபார்ட்மெண்ட்டே நடுங்குற புரொபசர் ஆடம் கார்ல்சன். அவனுக்கும் ஒரு காரணம் இருக்கு, இவன் எந்நேரமும் வேற யுனிவர்சிட்டிக்கு ஓடிருவான்னு நினைச்சு அவன் ரிசர்ச் பணத்த நிறுத்தி வச்சிருக்காங்க, இங்கேயே ஒரு காதலி இருக்கான்னா நம்புவாங்கல்ல. சரி, பொய்க்காதல் ஆரம்பம். அப்பறம் அவன் மனசுல வேற யாரோ இருக்கான்னு அவ நினைக்க, அவ மனசுல வேற எவனோ இருக்கான்னு அவன் நினைக்க, ரெண்டு பேரும் வாயத் தெறக்க மாட்டேங்கறாங்க. ஒரு போன் கால்! ஒரே ஒரு போன் கால்! அவன் எவ்ளோ உயரம் எவ்ளோ அகலம்னு வேற பத்து பக்கத்துக்கு ஒரு தடவ வருது, பீரோ வாங்கப் போறவங்க அளவெடுக்கற மாதிரி.

இந்த கதைய நைட்டு சப்பாத்தி தேய்க்கும்போது அம்மாகிட்ட சொன்னேன். அம்மா ரமணிசந்திரன் நாவல பொட்டலம் மடிச்ச பேப்பர்ல கண்டாலும் விடாம படிச்ச ஆளு. கேட்டுட்டு "இது நம்ம கதைதானடி, அங்க மில்லு ஓனர், இங்க வாத்தியார், கோவம் மட்டும் அதே கோவம்"னாங்க. அதுல பொய்யே இல்ல. இத்தனைக்கும் அந்த நாவல் மொதல்ல ஸ்டார் வார்ஸ் ரசிகர் கதையா எழுதப்பட்டது, அந்தப் படத்துல வர்ற கறுப்பு முகமூடிக்கார வில்லன் கைலோ ரென்தான் இங்க கோட்டு போட்டு வந்திருக்கான். ஊர் ஊருக்கு ஒரு கோவக்காரன் தேவைப்படுது போல.

ஆனா இத ஒரேடியா ஒதுக்கவும் முடியல, ஏன்னா லேப் வாழ்க்கை அப்படியே இருக்கு. நானும் ரெண்டு வருஷம் ஒரு லேப்ல குப்பை கொட்டினவ, சோதனைக்கு வேணுங்கற கெமிக்கல், அதான் ரீஏஜெண்ட், தீந்து போச்சுன்னா பக்கத்து லேப்ல போய் பல்லிளிச்சுட்டு நிக்கணும், ஃபிரிட்ஜுல நம்ம டப்பாவ யாரோ தள்ளி வச்சிருப்பாங்க, அதுக்கு ஒரு சண்ட. எழுதினவங்களே நியூரோசயின்ஸ் படிச்சவங்கங்கறதால அந்த எடமெல்லாம் சத்தியமா இருக்கு. ஆலிவோட ஆராய்ச்சி கணையப் புற்றுநோய சீக்கிரமே கண்டுபிடிக்கறது பத்தி, அவ அம்மா செத்தது அதுலதான். அதுக்கு ஹார்வர்டுல ஒருத்தன் தன் லேப்ல எடம் தரேங்கறான், டாம் பெண்டன்னு பேரு, ஆடமுக்கு பழைய நண்பன் வேற. பாஸ்டன் கான்ஃபரன்ஸ்ல அவன் நிஜ முகத்த காட்டி, அவகிட்ட தப்பா நடந்துக்கப் பாத்துட்டு, நீ சொன்னா எவன் நம்புவான்னு கேக்குறான் பாருங்க, அந்த எடத்துல நான் புக்க மூடி வச்சுட்டு தண்ணி குடிச்சுட்டு வந்தேன். அங்கதான் தடை நிஜமாகுது. இத போன் போட்டு சொல்லிற முடியாது, சொன்னா ஆடமுக்கும் டாமுக்கும் உள்ள நட்பும் போகும், ரெண்டு பேரும் சேந்து வாங்கின ரிசர்ச் கிராண்ட்டும் போகும்னு அவ வாய மூடிக்கிட்டு அழுறதுல ஒரு நியாயம் இருக்கு. கடைசில அத ஒரு தற்செயலான ரெக்கார்டிங்க வச்சு முடிச்சதுல மட்டும் எனக்கு வருத்தம்தான். பொண்ணுங்களுக்கு எல்லா தடவையும் ரெக்கார்டிங் ஓடிட்டா இருக்கும்?

இப்ப 'புக் லவர்ஸ்'. இதுல எனக்கு ஒரு தனி கதை இருக்கு. மொதல்ல நான் வாங்கினது பிளாட்பார காப்பி, நூத்தம்பது ரூபா, திருட்டு பிரிண்ட்டுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன், அதுக்கு தண்டனையும் கெடச்சுச்சு. கடைசிப் பக்கம் வர வர ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், ரெண்டு தடவ வச்சு தச்சிருக்காங்க, அதுக்கு பதிலா வரவேண்டிய பதினாறு பக்கம் காணோம். எனக்கு அது தெரியவே இல்ல, ஏதோ ஸ்டைலா தாண்டிட்டாங்கன்னு நினைச்சு படிச்சு முடிச்சுட்டு 'ம், ஜாலியான புக்கு, பெருசா ஒண்ணும் இல்ல'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு திரிஞ்சேன். ஒரு வருஷம் கழிச்சு ஒழுங்கா காசு குடுத்து வாங்கி படிச்சா, அந்த பதினாறு பக்கத்துலதான் அக்காவும் தங்கச்சியும் ஒடஞ்சு பேசுற சண்டையே இருக்கு! சாம்பார்ல பருப்பே போடாம சாப்ட்டுட்டு சுமார்னு சொன்ன கதை.

நோரா நியூயார்க்ல லிட்ரரி ஏஜெண்ட், அதாவது எழுத்தாளர்களுக்காக பதிப்பகத்துகிட்ட பேசி புக்க விக்கிறவ. ஹாலிவுட் காதல் படத்துல பாத்திருப்பீங்களே, ஹீரோ ஆபீஸ் வேலையா கிராமத்துக்கு போவான், அங்க கேக் சுடுற பொண்ணப் பாத்து மயங்கிருவான், சிட்டியில லேப்டாப்பும் ஹை ஹீல்ஸுமா ஒரு காதலி போன்ல கத்திட்டு இருப்பா, அவள கழட்டி விட்ருவான். அந்த கழட்டி விடப்பட்டவதான் நோரா. அவ பக்கம் நின்னு கதை சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சாங்க பாருங்க, அதுக்கே ஒரு சபாஷ். மாசமா இருக்குற தங்கச்சி லிபி கூப்பிட்டான்னு நார்த் கரோலினால சன்ஷைன் ஃபால்ஸ்னு ஒரு சின்ன ஊருக்கு போறா, அங்க பாத்தா நியூயார்க்ல இவளுக்கு ஏற்கனவே ஆகாத எடிட்டர் சார்லி. அவன் பொறந்த ஊரே அதுதான். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததால குடும்ப புத்தகக்கடைய பாத்துக்க வந்திருக்கான்.

இங்க போன் போட்டு என்ன பண்றது சொல்லுங்க? ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்கு, வாயத் தெறந்து சொல்லியாச்சு, ஒளிவு மறைவே இல்ல, ஆனா அவளுக்கு உயிரே நியூயார்க்லதான், அவன் இந்த ஊர விட்டு நகர முடியாது. அம்மா செத்ததுலேர்ந்து தங்கச்சிய தூக்கி சுமந்த நோரா, அந்த தங்கச்சியே 'நான் இந்த ஊருக்கே குடி வரப்போறேன்'னு சொல்லும்போது என்ன ஆவா? காதல விட எனக்கு இதுதான் வலிச்சுச்சு. ரெண்டு பேரும் ஒரு கையெழுத்துப் பிரதிய எடிட் பண்ணிக்கிட்டே சண்ட போட்டு பழகுற எடமெல்லாம், வேலைல கெட்டிக்காரங்க ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் மதிக்கறது எவ்ளோ அழகுன்னு காட்டுது. இந்த ரவுண்டு 'புக் லவர்ஸ்'க்குத்தான், இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. ஆனா தலைவலி, ஜுரம்னு படுத்திருக்கும்போது கை எதுக்குப் போகும்னு கேட்டா ஹைப்போதெசிஸ்தான், அதையும் மறைக்கல.

அக்கா பொண்ணுக்கு இந்த ரெண்டும் இப்ப இல்ல. கார்ட்டூன் அட்டையப் பாத்து சின்னப் பசங்க புக்குன்னு நிறைய பேர் வாங்கிக் குடுத்துர்றாங்க, உள்ள படுக்கையறை கதவு தொறந்தேதான் இருக்கு. அவளுக்குன்னு நான் எடுத்தது வேற ரெண்டு.

ஒண்ணு சந்தியா மேனனோட 'வென் டிம்பிள் மெட் ரிஷி', 2017. 'மிஸ்மேட்ச்டு'ன்னு நெட்ஃபிளிக்ஸ்ல தொடரா வந்துச்சே, அதுக்கு மூலம் இதுதான். டிம்பிள் ஸ்கூல் முடிச்சுட்டு சான் ஃபிரான்சிஸ்கோல ஆறு வார ஆப் டெவலப்மெண்ட் போட்டிக்கு வர்றா. ரிஷியும் வர்றான், ஆனா அவன் வர்றது பெரியவங்க பேசி வச்ச பொண்ணப் பாக்க, இது அவளுக்கு தெரியவே தெரியாது. நேரா வந்து 'வருங்கால மனைவியே'ங்கற மாதிரி ஆரம்பிக்கிறான், அவ கையிலிருந்த ஐஸ் காபிய மூஞ்சில ஊத்திட்டு ஓடுறா. இந்த தப்பபிப்ராயம் கொஞ்ச பக்கத்துலயே தீந்துருது, அதுக்கப்பறம்தான் அசல் தடை: புடிச்சிருக்கு, ஆனா பதினெட்டு வயசுல எனக்கு இது வேணுமா? நம்ம வீட்ல 'மொதல்ல படிப்பு'ன்னு அப்பா அம்மா சொல்லுவாங்க, இங்க அந்த பொண்ணே சொல்லுது. போட்டிலயும் அவ ஜெயிக்கல, அதுவும் எனக்கு புடிச்சுச்சு. புடிக்காதது, அந்த வீட்ல இந்தியான்னாலே மை போட்டுக்கோ, சல்வார் போட்டுக்கோ, வாய்க்கு வாய் இந்தி, அவ்ளோதான். படிக்கும்போது வடக்க கல்யாணத்துக்கு போன தமிழ் ஆளு மாதிரி ஓரமா சிரிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

இன்னொண்ணு லின் பெயிண்டரோட 'பெட்டர் தேன் த மூவீஸ்', 2021. லிஸ்னு ஒரு பொண்ணு, அவ அம்மா சினிமாவுக்கு திரைக்கதை எழுதினவங்க, செத்துட்டாங்க, அம்மா பாத்த காதல் படமெல்லாம் பாத்து பாத்து தன் வாழ்க்கையும் அப்படியே வரும்னு நம்பிட்டு இருக்கா. சின்ன வயசுல புடிச்ச மைக்கேல் ஊருக்கு திரும்பி வர்றான், அவன மடக்க பக்கத்து வீட்டு வெஸ் உதவி பண்றான். கார் நிறுத்துற எடத்துக்கு அடிச்சுக்கற ரெண்டு பேர்ல எவன் ஹீரோன்னு மூணாவது பக்கத்துலயே நமக்கு தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. என் கணக்குப்படி இது ஃபெயில் ஆகணும், போன் கூட வேணாம், ஜன்னலத் தெறந்து கேட்டாலே போதும். ஆனா அவ அம்மா கல்லறைக்கு போய் பேசுறதும், அப்பா ரெண்டாவதா கட்டிக்கிட்ட ஹெலனா அன்பா கிட்ட வர வர இவ நழுவுறதும், அம்மா இல்லாம நல்ல நாள் எதுவும் நல்லா இல்லன்னு தோணுறதும் அவ்ளோ மெல்லிசா எழுதியிருக்கு. நான் டிம்பிளுக்கு ஓட்டு போட்டேன். அக்கா பொண்ணு ரெண்டையும் நாலு நாள்ல முடிச்சுட்டு "டிம்பிள் ஓகே சித்தி, ஆனா வெஸ் வெஸ்தான்"னுட்டா. வாக்குவாதம் பண்ணி பிரயோஜனமில்ல.

மேல் தட்டுக்கு போனது ரெண்டு. கொலீன் ஹூவரோட 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' 2016ல வந்தது, படம் வந்த 2024க்கு அப்பறம் பிளாட்பாரத்துல எங்க பாத்தாலும் அதுதான். பூப்போட்ட அட்டையப் பாத்து காதல் கதைன்னு எடுத்தா உள்ள இருக்கறது அடிக்கிற புருஷன். எழுதினவங்க தன் அம்மாவ மனசுல வச்சு எழுதினதுங்கறது கடைசிப் பக்க குறிப்புல தெரியும்போது மரியாதை வருது, ஆனா அடிக்கிறவனையும் முக்கால்வாசி காதல் ஹீரோ மாதிரியே நடத்திட்டு வந்தது எனக்கு இன்னும் உறுத்துது. பெரியவங்க கூட உக்காந்து பேசிக்கிட்டே படிக்க வேண்டிய புக்கு அது. ரெபெக்கா யாரோஸோட 'ஃபோர்த் விங்', 2023, டிராகன் ஓட்டக் கத்துக்குடுக்குற காலேஜ் சேர மொத நாளே ஒடுக்கமான மதில் மேல நடக்கணும், விழுந்தா சாவுதான். நம்மூர் என்ட்ரன்ஸ் கோச்சிங்க பாத்தவங்களுக்கு அது ஒண்ணும் அதிர்ச்சியா இருக்காது. டிராகனுக்காக படிக்கலாம், ஹீரோவுக்காக வேணாம். இதுவும் பெரியவங்களுக்கு எழுதினதுதான், டிராகன் இருக்குன்னு பசங்க தட்டுல வைக்கிறாங்க.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அதனால 'புக் லவர்ஸ'யும் தவணை முறையில நைட்டு நைட்டு நானே சொல்லி முடிச்சேன். சார்லி நியூயார்க்குக்கே திரும்பி வந்துர்றான், புத்தகக்கடைய லிபி எடுத்து நடத்துறான்னு சொன்னதும் அம்மா தேய்ச்ச சப்பாத்திய கல்லுல போட்டுட்டு திரும்பிப் பாத்தாங்க.

"கடைய அவ பாத்துக்குவா, சரி. ஸ்ட்ரோக் வந்த மனுசன யாரு பாத்துக்குவா?"

"அவன் அம்மா இருக்காங்கம்மா."

"அவளுக்கு என்ன வயசு?"