பிறை நடத்த ஒரு பந்து, ஓதம் நடத்த ஒரு கம்பு

நிலாவின் பிறைகளையும் கடல் ஓதத்தையும், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவதையும், நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்த, பல வருஷமாக நான் நம்பியிருக்கும் சாமான்கள் கொஞ்சம்தான். குச்சியில் குத்திய வெள்ளைப் பந்து, தினசரி காலண்டர், வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள், கோடு போட்ட ஒரு சவுக்குக் கம்பு. வேலை திசையன்விளைப் பக்கம் என்பதால் கடலும் கிட்டத்தில் இருக்கிறது. எதை வாங்கலாம் என்று கேட்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பந்து. இருட்டறையில் எரியும் பல்புதான் சூரியன், பிள்ளையின் தலைதான் பூமி. பந்தை நீட்டிப் பிடித்தபடி இடப்பக்கமாக மெல்லச் சுற்றினால் வளர்பிறை, பௌர்ணமி, தேய்பிறை எல்லாம் வரிசையாக வரும். பந்தைத் தலைக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பௌர்ணமி இடத்தில் தலையின் நிழல் விழுந்து கிரகணமாகிவிடும். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். தெர்மாகோல் பந்து வேண்டாம். வெளிச்சம் உள்ளே ஊடுருவி, இருட்டுப் பக்கமும் லேசாக மின்னும், சீக்கிரம் நசுங்கியும் போகும். பளபளப்பில்லாத வெள்ளை பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் பந்து நன்றாக உழைக்கிறது.

ஆனால் பந்தின் உண்மையான அருமை இருட்டறையில் இல்லை, காலை இறைவணக்கத்தில் இருக்கிறது. தேய்பிறை சப்தமி, அஷ்டமியில் அந்த நேரத்துக்கு நிலா மேற்கு வானத்தில் வெளுத்து நிற்கும், சூரியன் கிழக்கே. பந்தை வெயிலில் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும்படி பிடிக்க வேண்டும். வானத்து நிலாவில் எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ, பந்திலும் அதே பக்கம், அதே அளவு. "சார், ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு!" என்று ஒரு பிள்ளை கத்தினால் வரிசையே கலைந்து ஓடி வரும். பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் லேசில் போகாது. எத்தனை படம் போட்டும் போகாதது இங்கே போய்விடுகிறது.

தினசரி காலண்டர் எல்லார் வீட்டிலும் தொங்குகிறது. சூரியனிலிருந்து நிலா 12 டிகிரி விலகினால் ஒரு திதி. 30 திதிக்கு 360 டிகிரி, அதாவது ஒரு முழுச் சுற்று, சுமார் 29.5 நாள். தரையில் வட்டம் போட்டு 30 கோடு கிழித்து, அன்றைய திதியில் ஒருவரைப் பந்தோடு நிறுத்துவேன். திதி ஏன் நடுப்பகலில் மாறுகிறது என்று கட்டாயம் கேட்பார்கள். நீள்வட்டப் பாதையில் நிலாவின் வேகம் மாறுவதால் ஒரு திதி ஏறக்குறைய 19 மணி முதல் 26 மணி நேரம் வரை நீளும். இவ்வளவு மலிவான வானியல் கருவி வேறு கிடையாது.

ஸ்டெல்லேரியம் கம்ப்யூட்டருக்கு இலவசம். ஊரைத் திருநெல்வேலி என்று கொடுத்தால் நம் வானத்தை அப்படியே காட்டும். பாடப் படத்தில் பிறை நிமிர்ந்து நிற்கிறது. 8.7 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு மாசி, பங்குனி மாலையில் மூன்றாம் பிறை தோணி போலப் படுத்துக் கிடக்கும். ஆனாலும் இதை முதலில் காட்ட மாட்டேன். ஒரு மாதத்தை ஒரு நிமிஷத்தில் ஓட்டிக் காட்டிவிட்டால் அப்புறம் யாரும் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதில்லை.

ஓதத்துக்குப் பந்து உதவாது, கம்புதான் வேண்டும். திறந்த கரையில் அலை எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால், எங்கள் கடற்கரை ஊர்களில் அலையைத் தடுக்கக் கல் கொட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவின் உட்பக்கம், கற்களுக்கிடையே கம்பை நட்டு அரை மணிக்கு ஒருமுறை குறிக்கிறோம். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. குஜராத்தில் காம்பே வளைகுடா புனல் வடிவில் ஒடுங்குவதால் பாவ்நகரில் 10 மீட்டர் அளவுக்கு ஏறுகிறது. பௌர்ணமியை ஒட்டி எடுத்த அளவையும் அஷ்டமி அளவையும் பக்கத்தில் வைத்தால், சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதும் குறுக்கே இழுப்பதும் தாளிலேயே தெரிகிறது. மறுநாள் அதே மட்டம் வர சுமார் 50 நிமிஷம் தாமதமாகும். நிலா அதற்குள் நகர்ந்துவிட்டதே.

எதிர்ப்பக்கக் கடல் ஏன் உயர வேண்டும் என்பதுதான் கஷ்டமான கேள்வி. நிலாவுக்கு அருகே உள்ள நீருக்கு இழுப்பு அதிகம், பூமியின் நடுவுக்கு அதைவிடக் குறைவு, மறுபக்க நீருக்கு இன்னும் குறைவு. அதனால் அந்த நீர் பின்தங்கி மேடாக நிற்கிறது. இதற்குக் கருவி எதுவும் எனக்கு அமையவில்லை. மூன்று பிள்ளைகளைக் கயிற்றைப் பிடித்து நடக்கவிட்டுத்தான் விளக்குகிறேன்.

திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது என்று செய்தி வந்தால் பிள்ளைகள் பேப்பரோடு வருவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தச் செய்தி பயம்தான். காலண்டரைப் புரட்டினால் பெரும்பாலும் அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டி இருக்கும். அந்நாட்களில் கடல் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். ஆனால் கள்ளக்கடல் வேறு. தெற்கே வெகுதொலைவில் கிளம்பும் பேரலை அது, திதி பார்த்து வராது. அதற்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் விடும் எச்சரிக்கையைத்தான் கேட்க வேண்டும். இதை நடத்தாமல் ஓதப் பாடத்தை நான் முடிப்பதே இல்லை.

வாங்குகிறவர்கள் பந்தையும் பெயிண்டையும் மட்டும் வாங்கினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்க வேண்டாம், வானம் மூடியே கிடக்கும். தை பிறந்ததும் தொடங்குங்கள்.