பன்சன் பர்னர்: பாத்து வாங்குங்க, ஜெட்டைப் பாத்து

தண்டையார்பேட்டையில ஒரு ஸ்கூல் லேப்ல வேலை எனக்கு. போன மாசம் பாரிமுனைப் பக்கம் லேப்ல பொருளைச் சூடாக்குற ரெண்டு கேஸ் பர்னர் வாங்கினேன். ஒண்ணு அருமை. காத்துத் துளையை மூடிப் பத்த வெச்சா மஞ்சச் சுடர். துளையைத் திறக்குற வளையத்தை மெல்லத் திருப்பினா உள்ள நீலக் கூம்பு, 'உஸ்'னு சத்தம். அந்தக் கூம்பு நுனிக்குச் சற்று மேலதான் சூடு அதிகம்.

இன்னொண்ணு எவ்வளவு திருப்பினாலும் மஞ்சள்தான், பீக்கர் அடியெல்லாம் கரி. கழட்டிப் பாத்தா ஜெட், அதாவது கேஸ் பீச்சுற மூக்கு, அதோட ஓட்டை பெருசு, குழாயில வர்ற இயற்கை எரிவாயுவுக்கானது. நம்ம சிலிண்டர் கேஸுக்குச் சின்ன ஓட்டைதான் சரி. கடைக்காரர் முணுமுணுத்துக்கிட்டே மாத்திக் குடுத்தார். வளையம் ரெண்டுலயும் டைட்டு, பசங்க கைக்கு மசியாது. சுடர் பர்னர் குழாய்க்குள்ள இறங்கிட்டா உடனே கேஸை மூடுங்க. குழாய் ஆறினப்புறம் துளையை மூடிப் பத்த வைங்க.