பாக்கெட் தராசு: நகை எடை போட வாங்கவில்லை, கல்லுக்கு வாங்கினேன்

500 கிராம் வரை, 0.01 கிராம் துல்லியத்தில் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு. ஆன்லைனில் எழுநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. மற்றவர்கள் தங்கம், குங்குமப்பூ என்று ரிவ்யூ எழுதியிருக்கிறார்கள். எனக்கோ எது என்ன கல் என்று தெரிந்துகொள்ளக் கல்லின் அடர்த்தி பார்க்க வேண்டும். அதற்கு இது தாராளம். வந்ததும் 2012 முதல் 2018 வரை அடித்த ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பாருங்கள்; 3.79 கிராமை ஒட்டி வந்தால் தராசு சரி.

செய்முறை சுலபம். கல்லை உலர்ந்தபடி நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து ‘டேர்’ அழுத்திப் பூஜ்ஜியமாக்கி, கல்லை நூலில் கட்டி முழுசாக முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியில் தட்டக் கூடாது, தட்டினால் கல்லின் எடையும் ஏறிவிடும். திரையில் வருவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. கிராமில் வரும் அந்த எண்தான் கன சென்டிமீட்டரில் கல்லின் கன அளவு. முதல் எடையை அதால் வகுக்க வேண்டியதுதான்.

எங்கள் சேலத்தில் வெள்ளையாகக் கிடப்பதெல்லாம் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது ஆகிவிடாது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்த இரண்டு கட்டிகளை முக்கினேன். ஒன்று 84.36 கிராம், ஒதுக்கிய தண்ணீர் 28.10: அடர்த்தி 3.0, மேக்னசைட். மற்றது 91.20-க்கு 34.45: 2.65, வெறும் வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்). கறுப்புக் கல்லிலும் டோலரைட் 3.0 பக்கம் நிற்கும், சார்னோகைட் பெரும்பாலும் 2.7 பக்கம். (கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது நம்ம சென்னைப் பல்லாவரத்துச் சார்னோகைட், அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.) ஆனால் கிரானைட்டும் அதே 2.7-ஐ ஒட்டித்தான் வரும். அந்த இரண்டையும் பிரிக்க லென்ஸ்தான் வேண்டும், தராசைக் குறை சொல்லிப் பயனில்லை. செம்புறாங்கல் போல ஓட்டை உள்ள கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், எண் நிற்கவே நிற்காது.

குறை என்றால் இரண்டு. 500 கிராம் என்பது டம்ளர், தண்ணீர் எல்லாம் சேர்த்து. அதனால் கனமான கண்ணாடி டம்ளர் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். இன்னொன்று எரிச்சல்: ஒரு நிமிஷம் சும்மா விட்டால் தானாக அணைந்துவிடுகிறது. நூலில் முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் திரை இருட்டு, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பம். அதற்காகவே ஒரு ஸ்டார் குறைத்து நாலு போட்டிருக்கிறேன். முடிச்சை முன்னாடியே போட்டு வைத்துக்கொண்டு தராசை ஆன் பண்ணுங்கள்.