ரோஸ்மேரி போன்சாய்க்கு வாங்குன பியூமிஸ் மிக்ஸ், தாராளமா வாங்கலாம்

ஊட்டில ஒரு நர்சரில போன்சாயா, அதாவது தொட்டில குட்டை மரமா வளர்க்க ரோஸ்மேரிங்கற வாசனை மூலிகைச் செடியும், தொட்டி மாத்த அவங்களே பியூமிஸ்ங்கற லேசான, ஓட்டை ஓட்டையான எரிமலைக் கல்லப் போட்டுக் கலந்து தர்ற மிக்ஸும் வாங்குனேன், செம்ம குவாலிட்டிங்க. தண்ணி ஊத்துனா மேல தேங்காம சர்ருனு எறங்கிடுது, ரோஸ்மேரிக்கு அதான் உயிர், ஈரத்துலயே கெடந்தா வேர் அழுகிடும், ஆனா இலை வாடி முன்னாடியே காட்டிக்குடுக்காது, தெரியறப்ப செடி போயிருக்கும். கடைக்கார அண்ணன், "வேர்மண்ண மொத்தமா கழுவிடாதீங்க தம்பி, மூணுல ஒரு பங்குக்கு மேல வேர வெட்டாதீங்க, ரெண்டு வாரமாச்சும் உச்சி வெயில் வேணாம், உரமும் வேணாம்"னு பொறுமையா சொல்லிக் குடுத்தாரு. இப்ப நுனியெல்லாம் வெளிர்பச்சையா துளிர் விட்டுருக்கு, கை பட்டாலே வாசம் தூக்குது. இலையில்லாத பழைய கட்டை வரைக்கும் மட்டும் கவாத்து பண்ணிடாதீங்க, அங்க திரும்பத் துளிர்க்கறது ரொம்ப கஷ்டம். மிக்ஸ்ல தூசி ஜாஸ்தி, சலிச்சுட்டு போடுங்க.