கேப் டவுனிலிருந்து சொகுசுக் கப்பல் ஏறப்போகிறவர்கள் கவனத்துக்கு: "சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான்" என்றால் எழுத்தில் கேளுங்கள்

கோடை விடுமுறை நெருங்கினாலே நம் வாட்ஸ்அப் குழுக்களில் கப்பல் பயண விளம்பரங்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிடுகின்றன. தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, பாட்டு, கூத்து எல்லாம் ஒரே கட்டணம் என்கிறார்கள். எங்கள் கோயில் குழுவில் சிலர் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு கூட்டமாகப் பதிவு செய்யப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் சைவம். அவர்கள் முன்பணம் கட்டுவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் போய் வந்த கப்பல் நிறுவனத்தின் பெயரையும் ஏஜென்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எங்கள் முறையீடு இன்னும் முடியவில்லை. அது மட்டுமில்லை, இந்தக் கம்பெனியை விட்டுவிட்டு வேறொன்றில் ஏறினால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கேப் டவுனில் ஏறி, நமீபியாவின் வால்விஸ் பே போய்த் திரும்பும் பயணம் அது. நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த என் மாமியார். நாங்கள் செவ்வாய், வெள்ளி மட்டும் சைவம். அத்தை அப்படியில்லை. மாமா இறந்ததிலிருந்து முழுச் சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். பதிவு செய்யும்போதே இதை ஏஜென்டிடம் சொன்னோம், மின்னஞ்சலிலும் எழுதினோம். "கப்பலில் இந்தியச் சைவ உணவு தாராளமாக உண்டு, கவலையே வேண்டாம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

முதல் இரவு டைனிங் ஹாலில் உட்கார்ந்ததும், எங்கள் மேசைக்குச் சைவக் குறிப்பு எதுவுமே பதிவாகவில்லை என்று தெரிந்தது. மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டார். தக்காளி சாஸ் ஊற்றிய பாஸ்தா வந்தது. அடுத்த இரவும் அதே பாஸ்தா, வடிவம் மட்டும் வேறு. அப்புறம் 'வெஜிடபிள் கறி' என்று ஒன்று கொடுத்தார்கள். உறைய வைத்த பட்டாணியும் கேரட்டும் மஞ்சள் குழம்பில் மிதந்தன, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. காரக் கறிக்குப் பேர்போன டர்பன்காரர் முன்னால் வைக்கிற கறியா அது! அத்தை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சூப்பும் ரொட்டியும் போதும் என்று சமாளித்துக்கொண்டார்.

அந்தச் சூப்பைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும். மெனு அட்டையில் அதன் பக்கத்தில் பச்சை இலைச் சின்னம் இருந்தது, அதாவது சைவம். ஓர் இரவு சுவை ஏதோ மாதிரி இருக்கிறது என்று அத்தை சொல்ல, என் மனைவி பரிமாறுபவரிடம் கேட்டாள். அவர் சமையலறைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது. கோழி சேர்ந்த ரெடிமேட் கலவையில்தான் அந்தச் சூப்பைச் செய்கிறார்களாம். முன்பு காய்கறியை வேகவைத்துக் கப்பலிலேயே செய்ததாகவும், செலவைக் குறைக்கக் கலவைக்கு மாறியபோது மெனு அட்டையை மாற்றவில்லை என்றும் மேலாளர் விளக்கினார். அவருக்கு அது அச்சுப் பிழை. அத்தை கரண்டியை வைத்துவிட்டு எழுந்து கேபினுக்குப் போய்விட்டார். அன்றிரவு தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படவில்லை. இத்தனை வருடமாகக் காத்து வந்ததை ஒரு பாக்கெட் கலவைக்காக உடைத்துவிட்டார்களே என்று என் மனைவி அழுதாள். இதற்கு எந்த நஷ்ட ஈடும் ஈடாகாது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாள் இன்னொன்று தெரிய வந்தது. ஏஜென்ட் சொன்ன இந்தியச் சைவ உணவு கப்பலில் உண்மையாகவே இருந்தது! பருப்பு, பனீர், தந்தூரி ரொட்டி எல்லாம். ஆனால் அது இருந்தது காசு கட்டிச் சாப்பிடும் தனி உணவகத்தில், ஆளுக்கு இத்தனை டாலர் என்று. ஊருக்கு வந்து ஏஜென்டிடம் கேட்டபோது, "உண்டு என்றுதான் எழுதினேன், இலவசம் என்று எழுதவில்லையே" என்றார்.

கப்பலில் நடந்த மற்றவற்றையும் இதோடு சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். விளம்பரப் புத்தகத்தில் இலவச டைனிங் ஹால் இரண்டு என்று படம் போட்டிருந்தார்கள். ஒன்று பயணம் முழுவதும் பூட்டியே கிடந்தது. கடலிலேயே கழியும் நாட்களில் டைனிங் ஹாலில் காலை உணவு கிடையாது, அத்தனை பேரும் பஃபேக்குத்தான் போக வேண்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை தேடி அலையும் பெரியவர்களைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. பெங்குவேலா நீரோட்டம் ஓடும் பக்கம் கடல் அவ்வளவு அமைதியாக இருக்காது, கப்பல் ஆடும். கைத்தடியோடு ஒருவர் சூடான காபியை ஏந்தி நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

பஃபேயும் இரவு சீக்கிரமே மூடிவிடும். டீ, காபி இயந்திரங்கள் உணவு நேரம் தவிர அணைந்திருக்கும். கேபினில் கெட்டில் இல்லை. தீ விபத்து பயத்தால் நாமும் கொண்டுபோகக் கூடாது, அது நியாயமான விதிதான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு டீ குடித்துப் பழகிய ஒருவர் அப்போது காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். பாட்டில் தண்ணீருக்கும் காசு. பழம் என்றால் தர்பூசணியும் முலாம்பழமும் மட்டும்.

இதற்கு நடுவில், பஃபே வரிசையில் நிற்கும்போதே டேப்லெட்டோடு ஒருவர் வருவார். "இன்று இரவு தனி உணவகத்தில் சலுகை விலை, வரிசையே கிடையாது" என்பார். இலவச இடத்தைப் பூட்டி வரிசையை உண்டாக்குபவர்களும் அவர்கள்தான், வரிசையிலிருந்து தப்பிக்கும் வழியை விற்பவர்களும் அவர்கள்தான். சிக்கனம் என்ற பெயரில் நாம் ஏற்கெனவே பணம் கட்டிய சாப்பாட்டை எடுத்துவிட்டு, அதையே நமக்கு மறுபடி விற்கிறார்கள். இதைத்தான் நான் மோசடி என்கிறேன்.

கப்பல் தொழில் முழுக்கவே இந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் உலகெங்கும் கப்பல்கள் நின்றன. கடலில் ஓடாத கப்பலுக்கும் செலவு உண்டு என்பதால் பெரிய நிறுவனங்கள் மலைபோல் கடன் வாங்கின. டிக்கெட் விலையை ஏற்றினால் ஆள் வரமாட்டார்கள் என்பதால், டிக்கெட்டை மலிவாகக் காட்டிவிட்டு ஏறிய பிறகு கறக்கும் வழிகள் கூடிக்கொண்டே போகின்றன. கொரோனாவுக்கு முன்பே தொடங்கியதும் உண்டு. அறைக்குச் சாப்பாடு கொண்டுவர ராயல் கரீபியன் 2017-லேயே 7.95 டாலர் கட்டணம் கொண்டுவந்தது. கார்னிவல் நிறுவனக் கப்பல்களில் டைனிங் ஹாலில் ஒரே வேளையில் மூன்றாவது முக்கிய உணவு கேட்டால் தனிக் கட்டணம். அந்த நிறுவனங்களாவது முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்தன. எங்களுக்கு நடந்தது அப்படி இல்லை.

வேலை செய்பவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எங்களுக்குப் பரிமாறியவர் தமிழ்நாட்டுப் பையன், ஊரைச் சொன்னால்கூட அவருக்குப் பிரச்சினை வரலாம். ஆட்களைக் குறைத்ததால் முன்பைவிடக் கூடுதல் மேசைகளை ஒருவரே பார்க்க வேண்டியிருக்கிறதாம். சூப் விஷயம் நடந்த மறுநாள், பணியாளர்களின் மெஸ்ஸிலிருந்து ஒரு கிண்ணம் சோறும் பருப்பும் கொண்டுவந்து, "பாட்டி, இது நாங்க சாப்பிடறது, சுத்த சைவம், தைரியமா சாப்பிடுங்க" என்று அத்தை முன்னால் வைத்தார். கப்பலுக்குள் அத்தை வயிறாரச் சாப்பிட்டது அது ஒன்றுதான். சாப்பிட்டு முடித்துவிட்டு அத்தை சொன்னார்: "எங்க கொள்ளுத்தாத்தா மதராஸ்லேருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா வந்த கப்பல்லகூட அரிசியும் பருப்பும் அளந்து குடுத்தாங்களாம். இங்க காசு குடுத்தும் இல்லையே."

அந்தப் பையனுக்காகவே ஒன்று சொல்கிறேன். ஒவ்வொருவர் கணக்கிலும் தினமும் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை தானாகவே ஏறுகிறது. கடைசி நாள் கருத்துப் படிவம் ஒன்று கொடுக்கிறார்கள். அதில் உணவுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டால் அடி விழுவது பரிமாறுபவர்கள் தலையில்தான் என்று அங்கே வேலை செய்பவர்களே சொன்னார்கள். ஆகவே மதிப்பெண் பெட்டிக்குள் கோபத்தைக் காட்டாதீர்கள். நடந்ததை வாக்கியமாக எழுதுங்கள், பரிமாறியவர் நன்றாகவே நடந்துகொண்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வால்விஸ் பேயில் இறங்கியது ஒரு ஆறுதல். நமீபியாவில் நம் தென்னாப்பிரிக்க ராண்ட் அப்படியே செல்லும், மதிப்பும் அவர்கள் டாலருக்குச் சமம். வயிறு நிறையச் சாப்பிட்டோம், பூநாரைகளைப் பார்த்தோம், அத்தைக்கு வாழைப்பழம் வாங்கினோம். திரும்பக் கப்பல் ஏறும் இடத்தில் பழத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். வெளியிலிருந்து பழம், சமைத்த உணவு எதுவும் ஏற்றக் கூடாதாம். பாக்கெட் பிஸ்கட்டை விட்டுவிட்டார்கள்.

கப்பலில் கணக்கெல்லாம் அமெரிக்க டாலர். ஏறும்போதே கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைக்கிறார்கள், இறங்கிய பின்னும் அது உடனே விடுபடுவதில்லை. ராண்டில் மாற்றும்போது வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுக்கும். மாதக் கடைசியில் பயணம் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

முறையீட்டுக்கு வருகிறேன். கப்பல் கவுண்டரில் சொன்னபோது, கப்பலுக்குள்ளேயே செலவழிக்கக்கூடிய ஒரு சின்னத் தொகையைக் கணக்கில் போடுகிறோம் என்றார்கள், அதற்கு ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டார்கள். அதில் "இத்துடன் புகார் தீர்ந்தது" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. போடவில்லை. நீங்களும் அப்படி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஊருக்கு வந்தபின் ஏஜென்ட் கம்பெனியைக் கைகாட்டுகிறார், கம்பெனி ஏஜென்டைக் கைகாட்டுகிறது. உணவிடங்களும் மெனுவும் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதாம், பொடி எழுத்தில்.

நம் தென்னாப்பிரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 54-ஆவது பிரிவின்படி சேவை தரமாக இல்லாவிட்டால் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், அல்லது விலையில் நியாயமான ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். 41-ஆவது பிரிவு தவறான எண்ணம் தரும்படி விளம்பரம் பேசுவதைத் தடுக்கிறது. நிறுவனத்தின் பொறுப்பைக் குறைக்கும் வரிகள் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி, எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது 49-ஆவது பிரிவு. நாங்கள் ஏஜென்டின் மின்னஞ்சல், இலைச் சின்னம் போட்ட மெனுவின் படம், பூட்டிய டைனிங் ஹாலின் படம், பில் எல்லாவற்றையும் இணைத்து எழுதி அனுப்பியிருக்கிறோம். சரியான பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 2019-இல் அங்கே கேட்கக்கூடிய தொகையின் வரம்பு 20,000 ராண்டாக உயர்ந்தது. அங்கே வக்கீல் வாதாட முடியாது, நம் வழக்கை நாமே சொல்ல வேண்டும், அதனால் வக்கீல் செலவு பயமில்லை. கம்பெனியை அங்கே நிறுத்த நமக்கு உரிமை உண்டு.

இனி பதிவு செய்யப்போகிறவர்களுக்கு. "சைவ உணவு உண்டா" என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் சொல்வார்கள். எந்த உணவிடத்தில், கட்டணமில்லாமல், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, என்னென்ன என்று கேளுங்கள். சூப்பும் குழம்பும் எதில் செய்யப்படுகின்றன என்று கேளுங்கள். நீங்கள் போகும் தேதியில் எந்த இலவச உணவிடம் பூட்டியிருக்கும் என்று கேளுங்கள். பானங்களுக்கான பேக்கேஜ் வாங்குவதென்றால், ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் வாங்கியாக வேண்டுமா என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் அப்படித்தான், குடிக்காத பாட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டவேண்டிவரும். எல்லாவற்றுக்கும் பதில் மின்னஞ்சலில் வர வேண்டும், கப்பல் நிறுவனத்திடமிருந்தே வர வேண்டும். ஏஜென்டின் வாட்ஸ்அப் குரல் செய்தி மட்டும் போதாது.

கடைசித் தவணை கட்டும் தேதி என்று ஒன்று இருக்கும். அது தாண்டிவிட்டால் ரத்துக் கட்டணம் கிடுகிடுவென ஏறிவிடும். முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு தருகிறது, நியாயமான கட்டணம் மட்டுமே பிடிக்கலாம். ஆனால் பிடித்த பணத்தை வாங்க அலைவதைவிட, கையில் இருக்கும் பணத்தைக் கொடுக்காமல் இருப்பது எளிது. ஆகவே அந்தத் தேதிக்கு முன்பே கேள்விகளை அனுப்புங்கள். கேட்டதற்கு எழுத்தில் பதில் வராமல் தவணையைக் கட்டாதீர்கள்.